டோக்கியோவின் சிறிய சுஷிக் கடையில் முதன்முறையாக உண்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வினிகர் கலந்த சோற்றுப் பிடியின்மேல் மீனை வைத்துத் தரும் சுஷியை உண்பதற்கு டோக்கியோவில் பலவகையான இடங்கள் உண்டு. தட்டுகள் சுழன்று வரும் பெரிய கடைகள் பலருக்கும் தெரிந்தவை. யோஷியாக்கி ஷிராய்ஷி என்பவர் 1958இல் ஒசாக்காவை அடுத்த ஊரில் தொடங்கிவைத்த அந்த முறை, இன்று சுஷிரோ, குரா சுஷி போன்ற பல கிளைகள் கொண்ட நிறுவனங்கள் வழியாக நாடெங்கும் பரவியிருக்கிறது. அங்கே தொடுதிரையில் படத்தைப் பார்த்து அழுத்தினால் போதும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. மறுமுனையில், கின்சா போன்ற பகுதிகளில் ஓர் இரவு உணவுக்கு ஒருவரிடம் 30,000 யென்னும் அதற்கு மேலும் வாங்கும் கடைகள் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் பணம் இருந்தாலும் இடம் கிடைக்காது. உலகப் புகழ்பெற்ற சுகியாபாஷி ஜிரோ கடை, பொதுமக்களிடமிருந்து நேரடியாக முன்பதிவு பெறுவதில்லை என்ற காரணத்தாலேயே உணவகங்களைத் தரப்படுத்தும் மிச்செலின் வழிகாட்டியின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து விலக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே, குடியிருப்புத் தெருக்களிலும் ரயில் நிலையங்களை ஒட்டிய சந்துகளிலும், எட்டுப் பத்துப் பேர் அமரக்கூடிய ஒரு நீண்ட மரமேடையும் ஒன்றிரண்டு மேசைகளும் மட்டுமே கொண்ட சிறிய கடைகள் உள்ளன. பெரும்பாலும் கணவனும் மனைவியும், அல்லது தந்தையும் மகனும் நடத்துபவை இவை. இக்கட்டுரை இத்தகைய கடைகளைப் பற்றியது.

வெளிநாட்டிலிருந்து செல்பவர்கள் இக்கடைகளுக்குள் நுழையத் தயங்குவதில் வியப்பில்லை. கதவு மூடியிருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, வாசலில் விலைப்பட்டியல் இருந்தாலும் ஜப்பானிய எழுத்தில் மட்டுமே இருக்கும். போதாததற்கு, சுஷியை எப்படித் தொட வேண்டும், எந்த வரிசையில் உண்ண வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று நீளும் விதிப்பட்டியல்கள் அச்சத்தை இன்னும் கூட்டுகின்றன. அவற்றில் பெரும்பகுதியைத் தள்ளிவிடலாம் என்பது என் கருத்து. கண்டிப்பாகக் காக்க வேண்டியவை நேரமும் மணமும் மட்டுமே. குறித்த நேரத்தில் போய்ச் சேர்வதும், முன்னால் வைத்த சுஷியை உடனே உண்பதும் நேரத்தைச் சேர்ந்தவை. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாமலிருப்பது மணத்தைச் சேர்ந்தது. மற்றவற்றில் தவறு நேர்ந்தால் எவரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

கடையையும் வேளையையும் தேர்ந்தெடுத்தல்

முதன்முறை செல்பவர் மதிய வேளையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. மாலையில் பல ஆயிரம் யென் செலவாகும் கடையிலும், மதியத்தில் விலை முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட தொகுப்பு உணவு ஏறக்குறைய 1,200 யென்னிலிருந்து 3,000 யென்னுக்குள் கிடைப்பதுண்டு. அதே மீன், அதே கை, குறைந்த விலை என்பதோடு, மதியத்தில் மது அருந்த வேண்டிய எதிர்பார்ப்பும் நெடுநேரம் அமர வேண்டிய கட்டாயமும் இல்லை. அரைமணி அல்லது முக்கால் மணி நேரத்தில் உணவு முடிந்துவிடும்.

கிழமையையும் கவனிக்க வேண்டும். நகரத்தின் மொத்த மீன்சந்தை 2018 அக்டோபரில் சுகிஜியிலிருந்து தொயோசுவுக்கு இடம் மாறியது. சுகிஜியில் சில்லறைக் கடைகள் நிறைந்த வெளிச்சந்தை மட்டும் அப்படியே இருக்கிறது. தொயோசு சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும், பல வாரங்களில் புதன்கிழமையிலும் விடுமுறை. ஆகவே சிறிய கடைகள் பலவும் ஞாயிறு அல்லது புதனில் மூடியிருக்கும். கடை திறந்திருக்கிறதா என்பதை அறிய வாசலைப் பார்த்தாலே போதும். நோரேன் எனப்படும் துணித் திரை கதவுக்கு முன்னால் தொங்கினால் கடை நடக்கிறது. அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டால், விளக்கு எரிந்தாலும் கடை மூடியாயிற்று என்று பொருள். மதியக் கடை பெரும்பாலும் இரண்டு மணி வாக்கில் முடிந்து, மாலை ஐந்து மணிக்குப் பிறகே மீண்டும் திறக்கும்.

சிறு குழந்தைகளுடன் செல்பவர்கள் இக்கடைகளைத் தவிர்த்து, சுழல்தட்டுக் கடைக்குப் போவதே எல்லாருக்கும் நிம்மதி. எட்டு இருக்கைகள் உள்ள இடத்தில் ஒரு குழந்தை அழுதால் ஒதுங்க இடமில்லை. பல கடைகள் மரமேடையில் சிறு குழந்தைகளை அனுமதிப்பதும் இல்லை.

முன்பதிவு

மதியத் தொகுப்புக்கு முன்பதிவு இல்லாமலே போகலாம். பன்னிரண்டு மணிக்கு அலுவலகங்களிலிருந்து கூட்டம் வரும் என்பதால் பதினொன்றரைக்கே போய்விடுவது நல்லது. மாலையில் முன்பதிவு இல்லாமல் போவது வீண் அலைச்சல். சிறிய கடைகள் இன்றும் தொலைபேசியில்தான் பதிவு பெறுகின்றன. ஜப்பானிய மொழி தெரியாதவர், தாம் தங்கியுள்ள விடுதியின் வரவேற்பில் இருப்பவரிடம் கடையின் பெயரையும் எண்ணையும் கொடுத்துப் பேசச் சொல்லலாம். இது அவர்களுக்கு வழக்கமான வேலை. தாபேலாக், டேபிள்செக் போன்ற இணையச் சேவைகள் வழியாகப் பதிவு பெறும் கடைகளும் உண்டு. அவற்றில் கடன் அட்டை எண்ணைக் கேட்பது வழக்கம்.

பதிவின்போது நாள், நேரம், ஆள் எண்ணிக்கை ஆகியவற்றோடு, உண்ண முடியாதவை எவை என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். கடைக்குப் போய் அமர்ந்த பிறகு இறால் ஆகாது, கணவாய் ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொல்வது, அன்று காலையிலேயே சந்தைக்குப் போய் ஆளுக்கு இத்தனை என்று கணக்கிட்டு மீன் வாங்கி வந்தவரைச் சங்கடப்படுத்தும். பதிவு செய்துவிட்டு வராமலிருப்பது இதைவிடப் பெரிய கேடு. எட்டு இருக்கைகளில் இரண்டு காலியாகப் போனால் அன்றைய வருமானத்தில் கால் பங்கு போய்விடுகிறது. வாங்கிய மீனை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. அதே நாளில் ரத்து செய்தால் முழுத் தொகையையும் வசூலிக்கும் கடைகள் இருப்பது இதனால்தான். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறத் தொடங்கும் கடைகளில் பத்து நிமிடத் தாமதம்கூட மற்ற விருந்தினர்களைக் காக்க வைக்கும். வழி தவறித் தாமதமானால், இன்னும் இவ்வளவு நேரம் ஆகும் என்று தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்.

நுழைந்து அமர்தல்

கதவைத் திறந்தவுடன் உள்ளிருப்பவர்கள் உரத்த குரலில் வரவேற்பார்கள். அதற்குத் தலையை லேசாகத் தாழ்த்தி, எத்தனை பேர் என்பதை விரலால் காட்டினால் போதும். காலியாக இருக்கும் இருக்கையில் தாமாகப் போய் அமராமல், காட்டும் இடத்தில் அமர வேண்டும். மேசையா மரமேடையா என்று கேட்டால், தயங்காமல் மரமேடையைச் சொல்லுங்கள். சுஷி பிடித்த கை விலகிய கணமே அதை வாயில் போடக் கிடைப்பது அங்கு மட்டும்தான். மேசைக்கு அனைத்தும் ஒரே தட்டில் வரும்.

அந்த மேடை பெரும்பாலும் ஹினோக்கி மரத்தால் செய்யப்பட்டு, மெருகு பூசாமல் விடப்பட்டிருக்கும். ஒரு கீறல் விழுந்தால் போகாது. கைக்கடிகாரம், வளையல், மோதிரம் முதலியவற்றைக் கழற்றிப் பையில் வைப்பதும், தொலைபேசியையும் கேமராவையும் மேடைமேல் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்வதும் கடைக்காரருக்குக் காட்டும் மரியாதை. வாசனைத் திரவியத்தைப் பற்றி முன்பே சொன்னேன். அரிசியின் வினிகர் மணமும் வெள்ளை மீனின் மெல்லிய மணமும் பக்கத்து இருக்கையின் செண்டு நெடியில் மறைந்துவிடும். மல்லிகைச் சரமும், நெடி மிக்க தலையெண்ணெயும் இதில் அடங்கும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அமர்ந்தவுடன் ஈரத்துணி ஒன்று தருவார்கள். கையைத் துடைப்பதற்கு மட்டுமே அது. பெரிய குவளையில் சூடான பச்சைத் தேநீர் வரும். அதற்குப் பொதுவாக விலை இல்லை, குறையக் குறைய நிரப்புவார்கள். மாலையில் ஏதேனும் ஒரு பானம் கேட்பதை எதிர்பார்ப்பார்கள். மது அருந்தாதவர் ஊலாங் தேநீர் கேட்கலாம். மேடைக்குப் பின்னால் நின்று சுஷி பிடிப்பவரைத் தைஷோ என்று அழைப்பது வழக்கம். அதற்கு மேல் எந்த முறைப் பேச்சும் தேவையில்லை.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

புதிதாகச் செல்பவர் குழம்பும் இடம் இதுதான் என்பதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒகிமாரி என்பது விலை குறித்த தொகுப்பு. ஒகோனோமி என்பது விரும்பியதை ஒவ்வொன்றாகக் கேட்பது. ஒமகாசே என்பது தேர்வு முழுவதையும் தைஷோவிடம் விட்டுவிடுவது.

வெளிநாட்டவர் பலர் ஒமகாசேதான் உண்மையான சுஷி அனுபவம் என்று எண்ணி நேராக அதற்குப் போகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இருபது வகையான மீன் அடுத்தடுத்து வரும்போது, எது எது என்று அறியாதவருக்கு நாலாவதற்குப் பிறகு எல்லாம் ஒன்றாகவே தோன்றும், விலையும் கூடுதல். முதல் வருகைக்கு ஒகிமாரியே பொருத்தம். பெரும்பாலான கடைகளில் அது நாமி, ஜோ, தொக்குஜோ என்று மூன்று தரங்களில் இருக்கும். கையின் திறமை மூன்றிலும் ஒன்றுதான்; மீன்தான் மாறும். நாமியில் சூரை மீனின் சிவந்த பகுதி, கணவாய், வேகவைத்த இறால், முட்டை அடை முதலியவை இருக்கும். ஜோவில் கொழுப்பு சேர்ந்த சூரைத் துண்டும், சால்மன் முட்டை அல்லது கடல் முள்ளெலியும் சேரும். நடுத்தரமான ஜோவை வாங்கி உண்டுவிட்டு, வயிற்றில் இடம் இருந்தால் இரண்டு மூன்றை ஒகோனோமியாகக் கேட்பது செலவுக்கும் சுவைக்கும் ஏற்ற வழி.

ஒரு ஆள் பங்கு என்பது இன்றும் பத்துத் துண்டுகளை ஒட்டியே அமைந்திருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. போருக்குப் பின் 1947இல் உணவுத் தட்டுப்பாட்டால் உணவகங்கள் நடத்தத் தடை வந்தபோது, டோக்கியோவின் சுஷிக்காரர்கள் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். வாடிக்கையாளர் ஒரு கோ அளவு, அதாவது 180 மில்லிலிட்டர், அரிசி கொண்டுவந்தால், கூலி பெற்றுக்கொண்டு அதற்கு ஈடாகப் பத்துச் சுஷி பிடித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. உணவு விற்பனையாக இல்லாமல் கூலிவேலையாகக் கணக்கிடப்பட்டதால் தடை அதைத் தொடவில்லை. அந்தப் பத்துத்தான் நிலைத்துவிட்டது. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தின் தெருவோரத் தள்ளுகடைகளில் விற்ற சுஷி இன்றைய அளவைவிட மிகப் பெரியது.

ஒகோனோமியாகக் கேட்கும்போது இரண்டு தடைகள் எதிர்ப்படும். முதலாவது, பெயர். சுவரில் தொங்கும் சிறு மரப்பலகைகளில் மீன்களின் பெயர்கள் சீன எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கும். ஜப்பானியர்களே சிலவற்றைப் படிக்கத் திணறுவதுண்டு. உங்கள் முன்னால் கண்ணாடிப் பெட்டி இருந்தால் அதிலுள்ள மீனை உள்ளங்கையால் காட்டிக் கேட்கலாம். அதற்கு முன் இவற்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சூரை மீன் மகுரோ. அதன் சிவந்த பகுதி அக்காமி, நடுத்தரக் கொழுப்புள்ளது சூதோரோ, மிகுந்த கொழுப்புள்ளது ஓதோரோ. கணவாய் இக்கா, இறால் எபி, கானாங்கெளுத்தி வகை சாபா, மத்தி வகை இவாஷி, கடல் விலாங்கு அனாகோ, கடல் முள்ளெலி ஊனி, முட்டை அடை தமாகோ. பெயருக்குப் பின் ஒனெகாய்ஷிமாஸ் என்று சேர்த்தால் வேண்டுகோள் முழுமையாகிவிடும்.

இரண்டாவது தடை, விலை. மரப்பலகைகளில் விலை எழுதாமலிருக்கும், அல்லது அன்றைய சந்தை விலை என்று குறித்திருக்கும். இதைக் கண்டு ஏமாற்றப்படுவோம் என்று அஞ்ச வேண்டாம். நாள்தோறும் விலை மாறும் பொருளை அவர்களும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆயினும் ஊனி, ஓதோரோ, நத்தை வகைகள் ஆகியவை மற்றவற்றைவிட மூன்று நான்கு மடங்கு விலையுடையவை என்பதை அறிந்து கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட எளிய வழி, ஒட்டுமொத்தத் தொகையை முதலிலேயே சொல்லிவிடுவது. 5,000 யென் அளவில் தாருங்கள் என்பதற்கு கோசென் என் குராய் தே ஒனெகாய்ஷிமாஸ் என்று சொன்னால், தைஷோ அதற்கேற்பப் பிடித்துக் கொடுப்பார். இப்படிச் சொல்வது அங்கே சிறுமையாகக் கருதப்படுவதில்லை. அவருடைய வேலையும் எளிதாகிறது.

எந்த வரிசையில் உண்பது என்று ஒரு பெரிய சாத்திரமே இருக்கிறது. வெள்ளை மீனில் தொடங்கி, கொழுப்பு மிக்கவற்றுக்குப் போய், இனிப்பான குழம்பு தடவிய அனாகோவிலும் முட்டை அடையிலும் முடிப்பது பொதுவான வழக்கம். முதலிலேயே ஓதோரோவை உண்டால், அதன் பின் ஹிராமே போன்ற தட்டை மீனின் மெல்லிய சுவை நாக்கில் ஏறாது என்பது மட்டுமே அதன் அடிப்படை. அதை உணர்ந்துகொண்டால் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்.

புதிய மீனும் பக்குவப்பட்ட மீனும்

துள்ளும் மீன்தான் நல்ல மீன் என்று கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்கள் நம்புவது இயல்பு. அந்த அளவுகோலை டோக்கியோவின் சுஷிக்கு அப்படியே பொருத்தினால், கடையின் உழைப்பு எதில் இருக்கிறது என்பது புலப்படாமல் போய்விடும். கைப்பிடிச் சுஷி எடோ நகரில், அதாவது பழைய டோக்கியோவில், 1820களை ஒட்டி உருவானது. ரியோகோக்குவில் கடை வைத்திருந்த ஹனாயா யொஹேய் அதை முழுமையாக்கியவராகச் சொல்லப்படுகிறார். பனிக்கட்டியும் குளிர்பெட்டியும் இல்லாத அக்காலத்தில், விரிகுடாவில் பிடித்த மீனைக் கெடாமல் வைக்க உப்பிட்டார்கள், வினிகரில் ஊறவைத்தார்கள், சோயாச் சாற்றில் மூழ்கவைத்தார்கள், வேகவைத்தார்கள், கடற்பாசித் தாள்களுக்கிடையே அழுத்தி வைத்தார்கள். குளிர்பெட்டி வந்த பிறகு இவற்றுக்குத் தேவை இல்லாமல் போனாலும், சுவைக்காகவே இவை நிலைத்துவிட்டன. 1923இல் ஏற்பட்ட பெருநிலநடுக்கத்தில் நகரம் அழிந்தபோது, தொழில் இழந்த சுஷிக்காரர்கள் பலர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியதும் இம்முறை நாடெங்கும் பரவியதற்கு ஒரு காரணம் என்பார்கள்.

சூரை போன்ற பெரிய மீனைப் பல நாட்கள் குளிரில் வைத்துப் பக்குவப்படுத்திய பிறகே வெட்டுகிறார்கள். செத்தவுடன் விறைப்பாக இருக்கும் தசையில் சுவை குறைவு. நாள் செல்லச் செல்லத் தசை இளகி, சுவை தரும் இனோசினிக் அமிலம் கூடுகிறது. சந்தை விடுமுறைக்கு மறுநாள் மீன் மட்டமாக இருக்கும் என்று கருதிக் கடையைத் தவிர்ப்பது ஆகவே தேவையற்றது. ஆழ்கடலில் பிடித்தவுடன் கழித்தல் 60 பாகை செல்சியஸ் அளவில் உறையவைத்த சூரையும் இழிவானதல்ல.

இந்தக் கைவேலையை நேரில் சுவைத்தறிய வேண்டுமானால், கொஹாதா என்ற ஒன்றைத் தவறாமல் கேளுங்கள். வெள்ளியாய் மின்னும் தோலுடைய மலிவான சிறுமீன் அது. மீனின் அளவையும் கொழுப்பையும் அன்றைய வெப்பத்தையும் பார்த்து எத்தனை நிமிடம் உப்பில் வைப்பது, எத்தனை நிமிடம் வினிகரில் வைப்பது என்பதை தைஷோ ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டியிருப்பதால், ஓதோரோவைக் கொண்டு கடையை எடைபோடாமல் கொஹாதாவைக் கொண்டு எடைபோடுபவர்கள் அங்கு உண்டு. இதே மீனின் குஞ்சு கோடையின் தொடக்கத்தில் ஷின்கோ என்ற பெயரில் வரும்போது மட்டும் விலை எக்கச்சக்கமாக ஏறும். பருவத்தைப் பொறுத்து வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் கத்சுவோ, குளிர்காலத்தில் மஞ்சள்வால் மீனான புரி என்று கேட்பதும் பலன் தரும். கத்சுவோ, தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசிக் கருவாடாகும் அதே வரிச்சூரை மீன்தான். ஜப்பானியர்களும் அதைப் புகையிட்டு உலர்த்திச் சீவிச் சாறு எடுக்கிறார்கள். மரக்கறி உண்பவர்களுக்கு இச்செய்தி ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உண்ணும் முறை

கையால் உண்ணலாம், குச்சியாலும் உண்ணலாம். இரண்டும் சரியே. கையால் உண்டு பழகிய நமக்கு அதுவே எளிது. சோறு உதிராமலிருக்கவும் அதுவே ஏற்றது. நல்ல கடையில் சோறு உடல் சூட்டை ஒட்டிய வெப்பத்தில், உள்ளே காற்று தங்கும்படி இளக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கும். முன்னால் வைத்தவுடன் உண்ணச் சொல்வதற்குக் காரணம் இதுவே. ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் சோறு ஆறி இறுகும், மீன் காயும், பாசித்தாள் சுற்றியதாக இருந்தால் அதன் மொறுமொறுப்பு போய் நைந்துவிடும். நண்பருக்கும் வரட்டும் என்று காத்திருக்கும் நம் பண்பை அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும்.

ஒவ்வொன்றையும் ஒரே வாயில் உண்ண வேண்டும். பெரிதாகத் தோன்றினால் கடித்து மீதியைத் தட்டில் வைக்காமல், சோற்றைக் குறைத்துப் பிடிக்குமாறு ஷாரி சீசாமே தே என்று முன்கூட்டியே சொல்லலாம். சோயாச் சாற்றைத் தைஷோ தாமே தூரிகையால் பூசிக் கொடுத்திருந்தால் மறுபடி தொடக் கூடாது. மீன்மேல் பளபளப்பு தெரிவதைக் கொண்டு இதை அறியலாம். பூசாமல் கொடுத்தால், சுஷியைப் பக்கவாட்டில் சாய்த்து மீனின் நுனியை மட்டும் சாற்றில் தொட வேண்டும். சோற்றுப் பக்கம் தொட்டால் உதிர்ந்து கிண்ணத்தில் விழும், உப்பும் ஏறிவிடும். மேலே ஊனியோ மீன்முட்டையோ குவித்த பாசித்தாள் சுஷியைச் சாய்க்க முடியாது. இஞ்சித் துண்டு ஒன்றைச் சாற்றில் நனைத்து அதன்மேல் தடவிக்கொள்வது எளிய தந்திரம். அந்த இஞ்சி ஊறுகாய், ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையே வாயைத் தூய்மையாக்குவதற்கு உரியது; சுஷிமேல் வைத்து உண்பதற்கு அன்று.

வசாபி என்னும் காரமான பச்சை விழுது ஏற்கெனவே மீனுக்கும் சோற்றுக்கும் நடுவே தடவப்பட்டிருக்கும். காரத்துக்குப் பழகிய நாக்கு இன்னும் கொஞ்சம் கேட்கும் என்றாலும், அந்தக் காரம் நாக்கில் எரியாமல் மூக்கில் ஏறுவது என்பதால் மிளகாய்ப் பழக்கம் இங்கே உதவாது. வேண்டாதவர் சாபி நுகி என்று சொன்னால் இல்லாமல் பிடித்துத் தருவார்கள்.

படம் எடுக்க விரும்புபவர் முதலில் அனுமதி கேட்க வேண்டும்; உணவை மட்டும், மின்னொளி இல்லாமல், ஒரே முறை எடுத்துவிட்டு உடனே உண்ண வேண்டும்.

பச்சை மீனுக்குத் தயங்குபவர்களும் மரக்கறி உண்பவர்களும்

பச்சை மீன் பழக்கமில்லாதவர், வேகவைத்தவற்றிலிருந்தே தொடங்கலாம். வேகவைத்த இறால், பேய்க்கணவாய், அனாகோ, சிப்பி வகையான ஹமாகுரி, முட்டை அடை ஆகியவை எல்லாம் பழைய எடோ முறையைச் சேர்ந்தவையே என்பதால், இவற்றைக் கேட்பவரைக் கற்றுக்குட்டியாக யாரும் நினைக்கமாட்டார்கள். பச்சை மீனில் அனிசாக்கிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழுவின் அபாயம் உண்மையானது. கானாங்கெளுத்தி, கணவாய், கத்சுவோ ஆகியவற்றில் அது காணப்படும். வினிகரும் வசாபியும் அதைக் கொல்லாது. கழித்தல் 20 பாகையில் 24 மணி நேரம் உறையவைத்தால் சாகும். கடைக்காரர்கள் கண்ணால் தேடி அகற்றுவதிலும் நுண்ணிய கீறல்கள் போடுவதிலும் கவனமாக இருக்கிறார்கள். உண்ட சில மணி நேரத்தில் வயிற்றில் கடுமையான வலி வந்தால், மருத்துவரிடம் என்ன உண்டீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். உள்நோக்கிக் கருவியால் புழுவை எடுத்துவிடுவார்கள். கர்ப்பிணிகள் பச்சை மீனைத் தவிர்ப்பது நல்லது; பெரிய சூரை போன்றவற்றில் உள்ள பாதரசம் காரணமாக, சில மீன்களின் அளவைக் குறைத்துக்கொள்ளுமாறு ஜப்பானிய அரசும் கர்ப்பிணிகளுக்கு அறிவுறுத்துகிறது.

மரக்கறி மட்டும் உண்பவருக்கு இக்கடை பொருத்தமானதன்று என்று நேராகச் சொல்லிவிடுவதே நேர்மை. வெள்ளரி வைத்துச் சுருட்டிய கப்பா மகி, சுரைக்காய் வற்றல் வைத்த கம்ப்யோ மகி, முள்ளங்கி ஊறுகாய் வைத்த ஷின்கோ மகி (முன்பு சொன்ன மீன்குஞ்சுக்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒன்று) ஆகியவை உண்டு. ஆனால் மேலே சொன்ன கத்சுவோச் சாறு மிசோச் சூப்பிலும், முட்டை அடையிலும், சில கடைகளில் சுரைக்காய் வற்றலை வேகவைக்கும் நீரிலும் சேர்கிறது. கண்டிப்பான விரதமுடையவர் கப்பா மகியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நண்பர்களோடு துணைக்குப் போகிறவருக்கு அது போதும். மதுவை விலக்கும் இஸ்லாமியர், பூசும் சோயாச் சாற்றில் சாக்கே என்னும் அரிசி மதுவோ மிரின் என்னும் இனிப்பான சமையல் மதுவோ கலந்து காய்ச்சியிருப்பார்கள் என்பதை அறிந்து, சாதாரண சோயாச் சாறு கேட்டுப் பெறலாம். கோதுமை ஆகாதவர்களுக்கு அந்தச் சாதாரணச் சோயாச் சாறும் ஆகாது.

கணக்கு முடித்தல்

உணவு முடிந்ததும் ஒகாய்கே ஒனெகாய்ஷிமாஸ் என்று கணக்கைக் கேட்கலாம். மீனைத் தொடும் கையால் பணத்தைத் தொடக் கூடாது என்பதால், தைஷோ பணம் வாங்கமாட்டார். அவருடைய மனைவியோ உதவியாளரோ வாங்குவார். பணத்தைக் கையில் நீட்டாமல், அதற்கென வைத்திருக்கும் சிறு தட்டில் வைக்க வேண்டும். கடன் அட்டை வாங்காத சிறிய கடைகள் இன்னும் இருக்கின்றன. ரொக்கம் கையில் இருக்கட்டும். கடையில் அமர்ந்து உண்பதற்கு நுகர்வு வரி 10 சதவீதம். அன்பளிப்பு கொடுக்கும் வழக்கம் ஜப்பானில் இல்லை. கூடுதலாக வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று எண்ணித் தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். புறப்படும்போது தைஷோவைப் பார்த்து கோச்சிசோசமா தேஷிதா என்று சொல்வது மட்டுமே எதிர்பார்க்கப்படும் நன்றி.

தேநீர்க் குவளை காலியான பிறகு நெடுநேரம் அமர்ந்திருப்பது நல்லதல்ல. வெளியே அந்த இருக்கைக்காக யாரேனும் காத்திருக்கக்கூடும். பிடித்திருந்தால், வாசலருகே வைத்திருக்கும் கடை அட்டையை எடுத்துக்கொண்டு, அடுத்த முறைக்கு மாலைப் பதிவை அப்போதே கேட்டுவிடலாம். ஒருமுறை வந்தவருக்குத் தொலைபேசியில் கிடைக்காத இடமும் கிடைப்பதுண்டு. வீட்டிலோ விடுதியிலோ இருப்பவர்களுக்கு வாங்கிச் செல்ல விரும்பினால், கைப்பிடிச் சுஷியைவிடப் பருமனான சுருள் வகையான ஃபுதோ மகியே தாங்கும். வாங்கியதைக் குளிர்பெட்டியில் வைத்தால் சோறு கல்லாகிவிடும் என்பதால் போய்ச் சேர்ந்தவுடன் உண்டுவிட வேண்டும். கோடை வெயிலில் நெடுந்தூரம் போக வேண்டியிருந்தால் வாங்காமலிருப்பதே நல்லது.